கேமிங் பிசி வாங்கப் போறீங்களா? கம்பெனி பேரைப் பார்க்கும் முன் "காம்போசிஷன்" பாருங்க!



வழக்கமா இந்தப் பக்கத்துல சர்க்கரை, பிரஷர், காய்ச்சல்னுதான் எழுதுவேன். இன்னைக்குக் கொஞ்சம் வேற விஷயம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் அட்மிஷன் நேரம் நெருங்கினா, மருத்துவக் கேள்விகளுக்கு நடுவுல இதுவும் இன்பாக்ஸுக்கு வந்துடும்.

"டாக்டர், பையன் கேமிங் பிசி கேக்கிறான். எந்தக் கம்பெனி நல்லது?"

எம்பிபிஎஸ் ஹாஸ்டல் காலத்திலிருந்து பார்ட்ஸ் வாங்கி நானே பிசி அசெம்பிள் பண்றவன். அந்த அனுபவத்தில் சொல்றேன். "எந்தக் கம்பெனி நல்லது" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "எந்த மாடல், என்ன வேலைக்கு, என்ன விலைக்கு" என்று கேட்டால் நல்ல பதில் உண்டு.

ஏன்? கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

1/
மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பிராண்ட் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்கும். இதைத்தான் காம்போசிஷன் என்கிறோம்.

ஒரே பிராண்ட் பெயரில் நாலைந்து மாத்திரை வரும். பின்னாடி ஒட்டியிருக்கும் எழுத்து மட்டும் மாறும். ஒன்றில் வெறும் பாராசிட்டமால். அடுத்ததில் கூடவே ஒரு வலி மாத்திரை. குடல் புண் உள்ளவர் "அதே கம்பெனிதானே" என்று மாற்றி வாங்கிப் போட்டால் பிரச்சினையாகிவிடும்.

கம்ப்யூட்டர் பார்ட்ஸிலும் அச்சு அசல் இதே கதைதான்.

2016-ல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டாகக் கிடைத்தது. பெயரைப் பார்த்தால் மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் ஒன்றில் 1152 கோர், மற்றதில் 1280 கோர். சிப்பே வலு குறைந்தது.

ஏஎம்டி மட்டும் சளைத்ததா? ரைசன் 5 5600, ரைசன் 5 5500. இரண்டும் 6 கோர்தான். ஆனால் முதலாவதில் எல்3 கேஷ் மெமரி 32 எம்பி, இரண்டாவதில் பாதி, 16 எம்பி. கேமில் இந்த கேஷ் ரொம்ப முக்கியம்.

எஸ்எஸ்டியில் இன்னும் ஒரு படி மேலே. 2021-ல் சில கம்பெனிகள் மாடல் பெயரை மாற்றாமலேயே உள்ளே இருக்கும் பாகத்தை மாற்றின. க்ரூஷியல் பி2 என்ற எஸ்எஸ்டி முதலில் டிஎல்சி வகை சிப்போடு வந்தது. பிறகு அதே பெயரில் க்யூஎல்சி வகையோடு வந்தது. பெரிய ஃபைல்களைக் காப்பி பண்ணும்போது இது ரொம்ப மெதுவாகிவிடும்.

2/
சரி, அந்தக் கம்பெனியாவது பொருளைத் தானே செய்கிறதா?

ரேம் எடுத்துக்கோங்க. கடையில் பத்துப் பதினைந்து பிராண்ட் இருக்கும். ஆனால் உலகத்தில் ரேம் சிப் செய்வதில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளிடம்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சிப்பை வாங்கி, போர்டில் பொருத்தி, மேலே கலர் கலராக லைட் வைத்து விற்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படித்தான். கோர்சேர் பெயரில் வரும் பலவற்றைச் செய்து கொடுத்தது சிடபிள்யூடி என்ற கம்பெனி. சிலவற்றை சீசானிக் செய்து கொடுத்தது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல் இரண்டு வெவ்வேறு ஃபேக்டரியிலிருந்து வரலாம். நம்ம ஊர் மருந்துக் கம்பெனிகள் பல, ஒரே தயாரிப்பாளரிடம் மாத்திரை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்பது மாதிரி. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் காதலிப்பதில் அர்த்தமும் இல்லை.

3/
"டாக்டர், நான் எப்பவும் இன்டெல்தான்", "நான் ஏஎம்டி ஆளு" என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்ன ஹிஸ்டரி.

2017 தொடக்கம் வரை இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் வரிசையில் டாப் சிப்பான ஐ7-7700கே-யில் 4 கோர்தான். பல வருஷமாக அதே 4. ஏன் கூட்டவில்லை? போட்டி இல்லை. மார்ச் 2017-ல் ஏஎம்டி 8 கோர் ரைசனை இறக்கியது. அதே வருஷம் அக்டோபரில் இன்டெல் 6 கோர் கொடுத்தது! கட்சி மாறத் தயாராக இருந்த வாடிக்கையாளர்களால்தான் கட்சி மாறாதவர்களுக்கும் அந்த 2 கோர் கிடைத்தது.

உடனே ஏஎம்டி ரசிகர்கள் கைதட்ட வேண்டாம். 2020-ல் ரைசன் 5000 வரிசையில் ஏஎம்டி முன்னுக்கு வந்ததும் என்ன செய்தது? விலையை 50 டாலர் ஏற்றியது.

கோளாறும் இரண்டு பக்கமும் உண்டு. 2023-ல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் சில, வோல்டேஜ் அதிகமாகி சாக்கெட்டோடு கருகின. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை சிப்கள் வோல்டேஜ் பிரச்சினையால் கேம் நடுவிலேயே கிராஷ் ஆகின. இரண்டுக்கும் பயாஸ் அப்டேட் வந்தது. இன்டெல் வாரண்டியை 2 வருஷம் நீட்டித்தது.

விசுவாசமான வாடிக்கையாளர் என்பதற்காக யாருடைய சிப்பும் கருகாமல் இருக்கவில்லை.

4/
சர்வீஸ் நல்லா இருக்கு என்பதற்காக ஒரே கம்பெனியோடு இருப்பவர்கள் உண்டு. நியாயமான காரணம். ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

அமெரிக்காவில் ஈவிஜிஏ என்று ஒரு கம்பெனி. கிராபிக்ஸ் கார்டு ரிப்பேர் என்றால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார்கள் என்று பெயர். ரசிகர் பட்டாளமே இருந்தது. செப்டம்பர் 2022-ல் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்னாடி பிஎஃப்ஜி என்று ஒரு கம்பெனி, "லைஃப்டைம் வாரண்டி" கொடுத்து விற்றது. 2010-ல் மூடிவிட்டார்கள். லைஃப்டைம் என்றது கம்பெனியின் லைஃப்டைம் என்பது கார்டு வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

5/
இவ்வளவு தெரிந்தும் ஏன் மனசு ஒரு பெயரில் ஒட்டிக்கொள்கிறது?

"அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று சொல்வோமே, அதேதான். முதலில் வாங்கியது நல்லா ஓடினால் அந்தக் கம்பெனி கைராசி. ஒருமுறை போர்டு போய்விட்டால் ஜென்மத்துக்கும் அந்தக் கம்பெனி ஆகாது. ஆனால் நாங்கள் ஒரே ஒரு பேஷண்ட்டை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்ட மாட்டோம். நீங்களும் ஒரே ஒரு போர்டை வைத்து முடிவு கட்டாதீங்க.

இன்னொன்று, காசு கொடுத்து வாங்கிய பிறகு "நான் வாங்கினதுதான் பெஸ்ட்" என்று நிரூபிக்க மனசு துடிக்கும். மனித இயல்பு. அந்த நேரத்தில் யாரிடமும் அட்வைஸ் கேட்காதீங்க. அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், தங்கள் பில்லுக்குச் சமாதானம் சொல்வார்கள்.

6/
இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர், 2024-ல் மகனுடைய லிஸ்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். பட்ஜெட் 80,000 ரூபாய். இரண்டு வருஷமாகக் கட்டிய சீட்டு எடுத்த பணம். நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்தது.

லிஸ்ட்டில் போர்டு, ரேம், கூலர், கேபினெட் எல்லாமே ஒரே பிராண்ட். லைட் எல்லாம் ஒரே மாதிரி ஜொலிக்குமாம். காசு அங்கேயே கரைந்ததால் கிராபிக்ஸ் கார்டு பழைய சின்ன மாடல். எஸ்எம்பிஎஸ்? "கேபினெட்டோட வர்றதே போதும்னு கடையில சொன்னாங்க சார்."

தம்பியைப் போனில் பிடித்தேன். "என்ன விளையாடுவ?"

"வேலரன்ட், ஜிடிஏ 5 அங்கிள். அப்புறம் பிளெண்டர் கத்துக்கணும்."

இப்போதுதான் சரியான கேள்வி பிறக்கிறது. வேலரன்ட்டுக்குச் சுமாரான கார்டே போதும். பிளெண்டரில் ரெண்டர் பண்ண என்விடியா கார்டு வேகமாக வேலை செய்யும். அதனால் என்விடியா. ரசிகர் என்பதால் இல்லை, வேலை கேட்பதால்.

விலை உயர்ந்த போர்டு போச்சு, அளவான போர்டு வந்தது. லிக்விட் கூலர் போச்சு, ரைசன் 5 7600 பெட்டியிலேயே வரும் கூலர் அந்தச் சிப்புக்குப் போதும். அந்தக் காசில் ஆர்டிஎக்ஸ் 4060-ம், தனியாக ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் வந்தது. கடைசியில் பிசிக்குள் ஆறு கம்பெனி பார்ட்ஸ்.

தம்பிக்கு லேசான வருத்தம். "கலர் மேட்ச் ஆகாது அங்கிள்."

சிஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று. "இது எத்தனை வருஷம் வரும் சார்?"

பிராண்ட் சண்டை போடுகிற யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் பணம் கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்தப் போர்டில் நாளைக்குப் புது சிப் மாற்றலாம், இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 வருஷ வாரண்டி என்று சொன்னேன். சம்மதித்தார்.

7/
அப்போ பிராண்டே பார்க்கக் கூடாதா? பார்க்க வேண்டிய இடம் உண்டு.

தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் "டாக்டரிடம் சொல்லாமல் பிராண்டை மாற்றாதீங்க" என்போம். அளவில் சின்ன மாற்றம்கூட உடம்பில் தெரியும் மருந்துகள் அவை. பிசியிலும் அப்படி இரண்டு மூன்று இடம் இருக்கிறது.

👉 எஸ்எம்பிஎஸ்: வீட்டின் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றும் இதயம். மட்டமானது வெடித்தால் தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். "80 பிளஸ்" ஸ்டிக்கர் மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றுகிறதா என்பதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புச் சான்று இல்லை. எனவே மாடல் நம்பரைப் போட்டு, பிரித்துப் பார்த்து எழுதிய ரிவ்யூ படிங்க. நீங்களாக எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். உயிருக்கே ஆபத்து.

👉 கழற்றி மாட்டும் கேபிள்கள்: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீங்க. பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் காலி. ஒரே கம்பெனியாக இருந்தாலும் மாடல் மாறினால் இதே ஆபத்துதான். ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்றாலும் கிராஸ் மேட்ச் பண்ணாமல் ரத்தம் ஏற்ற மாட்டோம், இல்லையா?

👉 ரேம்: இரண்டு வேண்டும் என்றால் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்க. பின்னாடி ஒன்று சேர்ப்பதாக இருந்தால் அதே மாடல் நம்பரைத் தேடுங்க.

8/
கடைக்குப் போகும் முன் (ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ):

✅ என்ன கேம், என்ன வேலை, என்ன மானிட்டர் என்று முதலில் எழுதுங்க.
✅ கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மற்றவை.
✅ முழு மாடல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்க. "8 ஜிபி கார்டு" என்று எழுதினால் போதாது.
✅ ப்ராசசர் சீல் பெட்டியில் இருக்கட்டும். "ட்ரே" சிப்பில் கம்பெனியின் நேரடி வாரண்டி இருக்காது.
✅ வாரண்டிக்கு யாரிடம் போகணும், உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்று கேளுங்க.
✅ லைட்டுக்குக் கடைசியில் காசு மிஞ்சினால் போடுங்க. தப்பே இல்லை. பசங்க ஆசை அதுவும்.

வீட்டில் யாராவது லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தால் இந்த இழையைக் காட்டுங்க. லிஸ்ட்டைக் கமெண்ட்டில் போட்டால் ஓபி முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன். கம்பெனி பெயர் மட்டும் எழுதாதீங்க, முழு மாடல் நம்பரோடு வாங்க.