நெறி கட்டினால் காலைப் பார்

வெயில் ஏறி உப்பளங்களில் வேலை மும்முரமானால் வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளிப் பக்கத்து மருத்துவரிடம் வரும் புகார்களில் ஒன்று, "தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குங்க." அனுபவப்பட்டவர் இடுக்கைத் தொடுவதற்கு முன் பாதத்தைக் காட்டச் சொல்வார். "அது ஒண்ணுமில்லைங்க, பித்தவெடிப்பு" என்று பதில் வரும். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உப்புநீரில் நாள் முழுக்க நிற்கும் காலில் தோல் வறண்டு வெடிக்கிறது. நோய் எதிர்ப்பின் முதல் காவல் தோல்தான். வெடிப்பு வழியாக நுழையும் கிருமிகள் நிணநீர்க் குழாய்களில் மேலேறி, இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களில் மாட்டிக்கொள்கின்றன. அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால்தான் வீக்கமும் வலியும். கணு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதைத் தேய்த்துக் கரைக்கப் பார்ப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் வீண்.

கணுவைப் பார்ப்பது கைப்பழக்கம். நோயாளியைப் படுக்கவைத்து, விரல் நுனியால் குத்தாமல், நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தோலோடு சேர்த்து உருட்டிப் பார்க்க வேண்டும். தொடையில் நெடுக்காக இறங்கும் கணுக்கள் வீங்கினால் காலைத் தேட வேண்டும். இடுக்கின் மடிப்பை ஒட்டிக் குறுக்காக இருப்பவை வீங்கினால் பிறப்புறுப்பு, ஆசனவாய், பிட்டம், தொப்புளுக்குக் கீழே உள்ள தோல். குதிகாலின் பின்புறப் புண்ணென்றால் முழங்காலின் பின்மடிப்பையும் தொட்டுப் பார்ப்பது நல்லது. செருப்பில்லாமல் நடந்து பழகியவர்களுக்கு இடுக்கில் ஒரு சென்டிமீட்டர் அளவில், வழுக்கி நகரும் கணு இருப்பது சகஜம். பயப்பட ஒன்றுமில்லை. கழுத்தில் பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அதிக வலியில்லாமல் வீங்கினால் கதை வேறு: கண்டமாலை, அதாவது காசநோய், நினைவுக்கு வர வேண்டும். கல்லாய் இறுகி, அசையாமல் கிடந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

மழை ஓய்ந்த மாதங்களில் காய்ச்சலோடு வருபவரிடம் இந்த விரல் வித்தை இன்னும் பயன்படும். புதர்க்காட்டுச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. கடித்த இடத்தில் நடுவில் கருத்த, வலியில்லாத ஒரு பொருக்கு இருக்கலாம், நோயாளிக்கே தெரியாது. அக்குளில் ஒரு கணு மட்டும் வீங்கியிருந்தால் அந்தக் கை, மார்பு, முதுகு என்று துணி விலக்கித் தேட வேண்டும். பொருக்கு கிடைத்தால் டாக்ஸிசைக்ளின். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும் என்பது சின்ன விஷயமல்ல.

கணுக்களைப் போலவே நோய் எதிர்ப்பு உறுப்பான மண்ணீரலுக்கும் காவிரி டெல்டாவில் ஒரு வரலாறு உண்டு. இடப்பக்க விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும் அது, நன்றாகப் பெருத்தால்தான் கைக்குத் தட்டுப்படும். மலேரியா ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று எண்ணித்தான் ஓர் ஊரின் நிலவரத்தைக் கணித்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்து புதிதாகப் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா கிளம்பியபோது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே ஆய்வு நடத்தினார். நெற்பயிர் சுமார் ஓர் அடி உயர்ந்ததும் மலேரியா பரப்பும் கொசு அந்த வயலில் முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது என்பது அங்கே கண்ட உண்மை.

நோய் எதிர்ப்பு உறுப்புகளில் தைமஸும் எலும்பு மஜ்ஜையும் விரலுக்கு எட்டாதவை. தைமஸின் பயனே 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதை நீக்கிப் பார்த்த பிறகுதான் தெளிவானது.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் காலை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்பில் எண்ணெய் தடவுங்கள். நெறி நான்கு வாரமாகியும் வடியாவிட்டாலோ, காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் கட்டி தட்டுப்பட்டாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.