விருப்பமில்லை என்று யார் சொல்லலாம்?

காமர்ஸ் படிக்கிறவளுக்கு நாவல் எதுக்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். 19-ம் நூற்றாண்டுக் கதைகளில் நம் பாடப்புத்தகத்தை விட அதிகமாகக் கணக்கு இருக்கிறது. யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு எவ்வளவு சொத்து என்று பவுண்டும் டாலருமாகத்தான் ஓடும் :-)

ஹெர்மன் மெல்வில் 1853-ல் எழுதிய 'பார்ட்டில்பி' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ். பத்திரங்களை நகல் எடுக்கும் குமாஸ்தா பார்ட்டில்பி. கூலி, நூறு வார்த்தைக்கு 4 சென்ட். முதலில் ராப்பகலாக எழுதித் தள்ளுகிறான். ஒருநாள் நகலைச் சரிபார்க்கக் கூப்பிட்டால், விருப்பமில்லை என்று சாந்தமாகச் சொல்லிவிடுகிறான். (ஆடிட்டிங் வகுப்பில் தூங்கியவர்களுக்கு அவன் வலி புரியும்!) அப்புறம் ஒவ்வொன்றாக மறுத்து, எழுதுவதையும் நிறுத்துகிறான். முதலாளி கோபப்படுகிறார், கெஞ்சுகிறார், கடைசியில் ஆபீஸையே வேறு இடத்துக்கு மாற்றுகிறார். பார்ட்டில்பி சிறைக்குப் போய், அங்கே சாப்பாட்டையும் மறுத்துச் சாகிறான்.

சோகமான கதைதான். ஆனால் அவன் செய்தது 'வேலை' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது. அதனால்தான் அவன் நிறுத்தியதும் ஓர் ஆபீஸே ஆடிப்போனது.

விலையே இல்லாத வேலையை எப்படி மறுப்பது?

அதற்கு சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' படிக்க வேண்டும். 1847-ல் கர்ரர் பெல் என்ற புனைபெயரில் வந்த நாவல். லோவுட் பள்ளியில் 15 பவுண்டு வாங்கிய ஜேன், தார்ன்ஃபீல்டு மாளிகையில் வருஷம் 30 பவுண்டுக்கு ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லித்தர வருகிறாள். மாளிகையின் முதலாளி ராச்செஸ்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. அவர் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார். இவளோ, கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலையைச் செய்வேன், அதே 30 பவுண்டு வாங்குவேன், என் துணிமணியை அதில் வாங்கிக்கொள்வேன் என்கிறாள். காதலனிடம் சம்பளம் கேட்கும் கதாநாயகி!

அந்தக் கல்யாணம் நடக்காமல் போய், பிறகு செயின்ட் ஜான் என்ற பாதிரியார் வருகிறார். இந்தியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறவர். ஜேனுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்து, மனைவியாக வந்து பள்ளிகளைக் கவனி என்கிறார். ஜேன் வேலைக்குப் பயப்படவில்லை. தங்கையாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்கிறாள். அவரோ, மறுத்தால் நீ மறுப்பது என்னை அல்ல, கடவுளை என்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பார்ட்டில்பியின் முதலாளி கடைசிவரை அவனிடம் இப்படிச் சொல்லவில்லை. ஆண் மறுத்தால் அது வேலையை மறுப்பது. பெண் மறுத்தால் அது அன்பை, கடமையை, கடவுளை மறுப்பது!

எங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பாவுக்கு மளிகைக் கடை. காலை ஆறு மணிக்குக் கடை திறப்பது அம்மா. பருப்பைப் பொட்டலம் கட்டுவது, கடன் நோட்டு எழுதுவது, நடுவில் சமையல், எல்லாம் அம்மா. பரீட்சைக்குப் பயிற்சியாக எங்கள் கடைக்கே லாப நட்டக் கணக்கு போட்டுப் பார்த்தேன். வாடகை வந்தது. கரண்ட் பில் வந்தது. மூட்டை இறக்குபவர் கூலி வந்தது. அம்மா எந்த வரியிலும் வரவில்லை. நாளைக்கு அம்மா 'எனக்கு விருப்பமில்லை' என்று சொன்னால், "வேலைக்காரி லீவு கேட்கிறாள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "குடும்பப் பொறுப்பு இல்லை" என்பார்கள்.

ஜேன் அந்த 30 பவுண்டைப் பேராசையில் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கணக்கில் ஏறிய வேலையைத்தான் ஒருநாள் வேண்டாம் என்றும் சொல்ல முடியும்.

அம்மா சம்பளம் என்று ஒரு வரி சேர்த்து, கணக்கை அப்பாவிடம் காட்டினேன். லாபம் பாதியாகியிருந்தது. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்களேன்.