செவி வாயில்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் கதவு இல்லை. வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்த நாம், அக்கேள்வி நுழையும் துளையின் அகலத்தைப் பற்றிக் கவலையுற நேரும் என்று கருதினோமில்லை. நம் தமக்கையாரின் மகளால் அது நேர்ந்தது.

நாம் பிறந்தது பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காடு. தமக்கையார் வாழ்க்கைப்பட்டது அரியலூரில். மருமகளுக்கு ஐந்து வயது முதலே வலக்காதில் சீழ் வடியும். "சளிக் காதுதான், வளர்ந்தால் நின்றுவிடும்" என்றனர் பெரியோர். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினர். (சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றலாகாது என்பதை இம்மலரைப் படிக்கும் தாய்மார்க்குச் சொல்லி வைக்கிறோம்.) நாற்றம் பொறாமல் பள்ளித் தோழி இடம் மாறி அமர்ந்தாள் என்பது நெடுநாள் கழித்தே நமக்குத் தெரிய வந்தது.

2014இல் திருச்சியில் மருத்துவரிடம் காட்டினோம். நோயின் பெயர் கொலஸ்டியடோமா. புற்றுநோயன்று, ஆயினும் கொடியது. செவிப்பறை உட்குழிந்து, அக்குழியில் உதிர்ந்த தோல் மேன்மேலும் குவிந்து எலும்பை அரிக்கிறது. ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகள் பெரும்பாலும் முதலில் அழியும்; காலம் தாழ்த்தினால் முகநரம்பையும் மூளையையும் எட்டலாம். மருந்தால் தீராது. காதுக்குப் பின்னே தொட்டால் தட்டுப்படும் மேட்டெலும்புதான் மாஸ்டாய்டு. உள்ளே தேன்கூடு போன்ற காற்றறைகள் கொண்டது. அதைக் குடைந்து நோயை எடுத்தல் வேண்டும். நோய் மிகப் பரவியிருந்தால் செவிக்குழாயின் பின்சுவரையும் நீக்கி, குழாயையும் குடைந்த இடத்தையும் ஒரே அறையாக்கிவிடுவர்.

அறை பெரிதாகிவிட்டது, வாயிலோ பழைய அளவே. அது சன்னலற்ற சரக்கறை போலாகும். காற்றுப் புகாது, ஈரம் உலராது. உதிரும் தோல் தேங்கும். மருத்துவர் உள்ளே பார்த்துத் தூய்மை செய்யவும் இயலாது. ஆகவே வாயிலையும் அகலமாக்க வேண்டும். இதனை மீட்டோபிளாஸ்டி என்பர்.

இவற்றையெல்லாம் அம்மருத்துவர் விளக்கவே செய்தார். "துளை வெளியே சற்றுப் பெரிதாகத் தெரியும்" என்றும் சொன்னார். பெண்ணுக்கு அப்போது 19 வயது. சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் படித்தவர் என்று நம்மை முன்னே நிறுத்தியிருந்தனர். "பெண்பிள்ளை டாக்டர், கூடுமானவரை சிறிதாகவே இருக்கட்டும்" என்றோம். அவர் தயங்கினார், பிறகு இசைந்தார். முக்காட்டுக்குள் மறையும் காதுக்காக அவ்வளவு அஞ்சியதை இன்று நினைத்தாலும் நாணம் மேலிடுகிறது.

மூன்றாண்டில் வாயில் சுருங்கிப் பென்சில் முனையும் நுழையாத அளவாயிற்று. உள்ளே சீழ் கட்டியது, தலைசுற்றலும் சேர்ந்தது. 2017இல் வேறொரு மருத்துவர் மறுபடியும் அறுவை செய்தார். முந்தின நாள் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து அவர் நமக்குப் பாடம் நடத்தினார். செவிக்குழாயின் தோலில் நீளவாக்கில் இரு கீறல்கள் இட்டால், காதுமடலோடு ஒட்டிய ஒரு தோல்பட்டை கிடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ கோர்னரின் பெயரால் வழங்கும் முறை இது. அப்பட்டையைப் பின்னுக்கு மடித்து அறையின் சுவரில் படிய வைப்பர். பான்சே, ஸ்டாக்கே என்பார் பெயரிலும் முறைகள் உண்டு. தோலை எங்கே கீறி எப்பக்கம் மடிப்பது என்பதில்தான் வேறுபாடு. மடலின் குழிந்த பகுதியிலிருந்து பிறைவடிவில் ஒரு குருத்தெலும்புத் துண்டையும் வெட்டி எடுப்பர். குருத்தெலும்பு வில் போன்றது. விட்டு வைத்தால் பழைய நிலைக்கே மீண்டு வாயிலை அடைக்கும். தோல் போர்த்தாத பச்சைப் புண்ணோ தழும்பேறிச் சுருங்கும்.

"எவ்வளவு அகலம் வேண்டும்?" என்று வினவினோம்.

"விரல் நுனி தாராளமாகப் போக வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால்தான் ஆறிய பிறகு சரியாக இருக்கும்" என்றார். இம்முறை நாம் வாய் திறக்கவில்லை.

மருந்தில் தோய்த்த நாடாத்துணி உள்ளே மூன்று வாரம் இருந்தது. பிறகு அரியலூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் எத்தனை முறை போய் வந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு. உளூச் செய்யும்போதும் உள்ளே நீர் புகாத எச்சரிக்கை. நான்காம் மாதத்தில் காது உலர்ந்தது. அதுவரை தலையணை உறையை ஒளித்துத் துவைத்தவள், அன்று அதனை எல்லோரும் காண முற்றத்துக் கொடியில் உலர்த்தினாள்.

கேட்கும் திறன் முழுதும் திரும்பவில்லை. நோயைக் களைந்து காதை உலர்ந்ததாக்குவதே இவ்வறுவையின் முதல் நோக்கம். கேள்வி அதற்கு அடுத்ததே. அறையை அவ்வப்போது தூய்மை செய்யும் கடமையும் வாழ்நாள் முழுதும் உண்டு. 2022இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் இப்போது அங்கேயே போய் வருகிறாள். திருமணமாகி ஒரு பெண்குழந்தையும் உண்டு. காதின் துளையை மாப்பிள்ளை வீட்டார் எவரும் கேட்டதில்லை.

சென்ற பெருநாளன்று அவள் கேட்டாள்: "மாமா, முதல் ஆபரேஷனில் சின்னதாக வைக்கச் சொன்னது யார், அம்மாவா?"

நாம்தாம் என்றோம். கேட்கவில்லை போலும், இடக்காதைத் திருப்பினாள். இன்னும் சற்று உரக்கச் சொன்னோம்.