காற்று அடிக்கும் கொட்டகை

புதுச்சேரிக்கு ஸ்கூபா பழக வருபவர்கள் கடலைப் பார்ப்பார்கள், பயிற்சியாளரைப் பார்ப்பார்கள், அதிர்ஷ்டமிருந்தால் மீனையும் பார்ப்பார்கள். தங்கள் முதுகில் ஏறும் சிலிண்டருக்குக் காற்று அடித்தவரை யாரும் பார்ப்பதில்லை. அவருக்கு இடம் கடையின் பின்கட்டில், ஒரு தகரக் கொட்டகை. நான் போனது அவரைப் பார்க்கத்தான்.

நாற்பதைத் தாண்டிய மனிதர். முன்பு ஃபைபர் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்த்தவர். நான் நுழைந்தபோது கரண்ட் போய், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்.

"காத்து திரும்பிடுச்சு சார். புகை இந்தப் பக்கம் வருது."

கம்ப்ரஸர் காற்றிழுக்கும் குழாய் கூரைக்கு மேலே நீள்கிறது. டீசல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அதற்குள் போனால் நிறமும் வாசனையும் இல்லாமல் சிலிண்டரில் சேர்ந்துவிடும். கரையில் பெரிதாகத் தெரியாத அளவுகூட, அழுத்தம் கூடிய ஆழத்தில் ஆளைச் சாய்க்கும். வடிகட்டி இருக்கிறதே என்றேன். ஈரத்தை உறிஞ்சும் குருணை, எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரி, கார்பன் மோனாக்சைடை மாற்றிவிடும் ஹாப்கலைட் என்று அடுக்கடுக்காக உள்ளே இருப்பவற்றைச் சொன்னார். ஈரம் பட்டால் ஹாப்கலைட் வேலை செய்யாது. "ஃபில்டர் இருக்குன்னு புகைக்குள்ள ஓட்டுனா அது நம்ம கொழுப்பு" என்று முடித்தார்.

கரண்ட் வந்ததும் வேலை தொடங்கியது. அங்கிருந்தவை பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்கள். காலியாகவே 14 கிலோ. அதற்குள் 200 பார் வரை காற்று ஏறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இங்கே ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று, எடையில் இரண்டரைக் கிலோவுக்கு மேல்.

குழாயை மாட்டுமுன் வால்வை ஒரு நொடி திறந்து மூடினார். வாயில் தேங்கிய கடல்நீர் சீறி வெளியே போனது. சீறல் வராத சிலிண்டர் என்றால் தனியே வைத்துவிடுவாராம். முழுக்கக் காலியான சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீரில் இறங்குபவர்களிடம் 50 பார் மிச்சம் வைத்து மேலே வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எஃகு சிலிண்டரில் இது இன்னும் மோசம்: துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே துரு தின்றுவிடும். சிலிண்டர் நிறைந்திருக்கும், சுவாசிக்கப் போதிய ஆக்சிஜன் இருக்காது.

பிறகு அடித்தார், மெதுவாக. மெதுவாக என்றால், பார்க்கிறவருக்குச் சலிக்கும் அளவுக்கு. ஒரு கை வால்வில், மறுகை சிலிண்டரின் உடம்பில். சூடு ஏறினால் வேகத்தைக் குறைப்பார். அவசரமாக அடித்தால் முள் 200 காட்டும். ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும். நடுநடுவே கம்ப்ரஸரின் அடியிலுள்ள குழாயைத் திறந்துவிட, எண்ணெய் கலந்த தண்ணீர் பால்போல் பீறிட்டு வந்தது. "இது உள்ள போயிருந்தா யாரோ குடிச்சிருப்பாங்க" என்றான் உதவிக்கு நின்ற பையன். அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறான் என்று தோன்றியது.

வெடிக்குமோ என்ற பயத்தோடு போன எனக்கு, அங்கே அன்றாட எதிரி உப்புதான் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நாளில் பாதி கழுவலிலேயே போகிறது. சிலிண்டரின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவசத்தை மாதமொரு முறையாவது கழற்றுகிறார்கள். ஒன்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஈர மணல், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, அதைச் சுரண்டினால் ஊசி முனை அளவுக் குழிகள். கழுத்தில் இன்னொரு தொல்லை. பித்தளை வால்வும் அலுமினியமும் உப்பில் ஊறினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கழலாது.

வைப்பதற்கும் முறை உண்டு. கொட்டகையில் எல்லாம் நிமிர்த்தி, சங்கிலி போட்டு நிற்கின்றன. படகில் சட்டத்துக்குள் வைத்து ரப்பர் கயிறு. தனியே நிற்கும் சிலிண்டர் சாய்ந்தால் கால் விரல் போகும். வால்வு உடைந்தால் சிலிண்டரே பாய்ந்து கிளம்பும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கி டைவிங் நிற்கும் மாதங்களில் 20 பார் மட்டும் வைத்து, நிமிர்த்தியே வைக்கிறார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அடியில்தான் இறங்கும். சுவரைவிட அடிப்பகுதி தடிமன். இதை வாடிக்கையாளர்களுக்கான வகுப்பில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆண்டுக்கொரு முறை வால்வைக் கழற்றி, உள்ளே சின்ன விளக்கை இறக்கி, பல் வைத்தியரின் கண்ணாடியால் கழுத்து மரையைப் பார்க்கிறார். முன்பு புழங்கிய 6351 என்ற அலுமினியக் கலவையில் அந்த இடத்தில்தான் விரிசல் விட்டது. ஐந்தாண்டுக்கொரு முறை நீரழுத்தச் சோதனை. 207 பாருக்கான சிலிண்டரை நீர் நிரப்பி 345 பார் வரை ஏற்றுவார்கள். விரிந்தது சுருங்க வேண்டும். மொத்த விரிவில் பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றால் சிலிண்டர் கழிவு. நீரில் சோதிப்பதற்குக் காரணம், கிழிந்தாலும் காற்றைப்போல் வெடிக்காது என்பதே.

அப்படிக் கழிந்த ஒன்று மூலையில் கிடந்தது. பழைய சாமான் கடைக்காரர் அதைப் பார்க்கவே வந்திருந்தார். முழுதாகக் கொடுத்தால் கிலோவுக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்.

"முழுசாப் போனா எவனாவது பெயிண்ட் அடிச்சு வித்துடுவான்ண்ணே. அறுத்துத்தான் குடுப்பேன்."

விதியும் அதுதான்: கழித்ததை நசுக்கியோ துண்டு போட்டோ அழிக்க வேண்டும். கடைக்காரர் முனகிக்கொண்டே தராசை எடுக்கப் போனார். பையன் ரம்பத்தை எடுத்தான்.