முதலில் எதைத் திறப்பது?

ஞாயிறு

அக்கா மகளுக்குப் பிளஸ் டூவில் பைத்தான் வந்திருக்கிறது. பிளஸ் ஒன்னில் சி++ முடிந்தது. "எந்த சாஃப்ட்வேர் போடட்டும் மாமா?" என்றாள். தோழிகள் சொன்ன பட்டியல் ஏற்கெனவே கையில்: விஎஸ் கோட், பைசார்ம், ஜூபிட்டர், தோனி. கடைசிப் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தாள், கிரிக்கெட் ஞாபகம். எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. என் கணக்கு ஒன்றுதான்: மொழியைப் படிக்க வேண்டிய நேரத்தைக் கருவி தின்னக் கூடாது.

திங்கள்

பைத்தானை நிறுவினோம். கூடவே ஐடில் வந்துவிடுகிறது. பள்ளிப் பாடநூலும் அதை வைத்தே சொல்லிக்கொடுக்கிறது. ஷெல்லில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டாள். 5 என்றது. "மூணு எழுத்துதானே?" த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. கேட்டதும் பதில் வர, அந்தப் பதிலே அடுத்த கேள்வியைக் கிளப்புகிறது. ஐடில் பார்க்கப் பழசாக இருக்கலாம். இந்த வசதிக்கு அது போதும்.

புதன்

விஎஸ் கோட். மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்தது. பைத்தான் அதற்குள் இல்லை. தனியே நிறுவி, எக்ஸ்டென்ஷன் சேர்த்து, எந்த இன்டர்பிரிட்டர் என்றும் காட்ட வேண்டும். அதன் பிறகு இரண்டு எழுத்து அடித்தால் மிச்சத்தை அதுவே நீட்டும். கோபைலட் என்ற ஏஐ உதவியாளரை இயக்கிவிட்டாலோ முழு நிரலையும் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. வேலை பார்ப்பவருக்கு வரம். பொதுத்தேர்வில் பேனா அப்படி நீட்டாது.

வெள்ளி

தோனி. எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், கற்பவர்களுக்கென்றே உருவானது. பைத்தானும் உள்ளேயே இருப்பதால் ஒரே நிறுவலோடு வேலை முடிந்தது. டீபக் பொத்தானை அழுத்தி 2 + 3 * 4 கொடுத்தோம். முதலில் 3 * 4 மட்டும் 12 ஆனது. அடுத்த அடியில் எல்லாம் சேர்ந்து 14. பக்கத்துப் பலகத்தில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் மாறுவது தெரிகிறது. ரிகர்ஷனில்தான் அசந்துபோனேன். 4-இன் ஃபேக்டோரியல் கேட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புது ஜன்னல் திறக்கிறது: 4, 3, 2, 1. பிறகு 1-இல் தொடங்கி, விடையை மேலே கொடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக மூடுகிறது. கரும்பலகையில் அரை மணி நேரம் வரைந்தாலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

சனி

முடிவு: ஃபங்ஷன், லிஸ்ட் கைக்கு வரும்வரை தோனி. ஒரே நிரல் பல கோப்புகளாகப் பிரியும்போது விஎஸ் கோட். ஜூபிட்டர் தரவு அலசுபவர்களுக்கு அருமையானது. ஆனால் நிரலைத் துண்டு துண்டாக எழுதும் அதன் செல்களை வரிசை மாற்றி ஓட்டினால் பழைய மதிப்புகள் உள்ளே தங்கிக் குழப்பும், ஆரம்பத்தில் வேண்டாம். வீட்டில் நல்ல கணினி இல்லாதவர்களுக்கு, பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நிறுவிக்கொடுப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: 2021-இல் வந்த 3.10-க்கு முந்தைய பைத்தானைப் போடாதீர்கள். கோலன் விட்டுப்போனால் பழையது 'இலக்கணப் பிழை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும். புதியது, கோலன் வேண்டும் என்று இடத்தோடு சொல்லும்.