தோள் தாங்குகிற ரவை

“துவக்குக்குப் பயந்துதானே அங்கையிருந்து ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கப் போறியோ?”

ஸ்காபரோவிலிருந்து அம்மா போனில் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் ரொறன்ரோவில் பிறந்தவன். வேலைக்காக யூக்கோனில் உள்ள வைட்ஹோர்ஸுக்கு வந்து நாலு வருஷம். இங்கே குளிர்காலத்தில் பைசன் வேட்டை சாதாரண விஷயம். 1980களின் கடைசியில் இந்தக் காடுகளில் மீண்டும் கொண்டுவந்து விட்ட மந்தை பெருகிவிட்டது. அதனால் அளவோடு சுட அனுமதி கொடுக்கிறார்கள். வேலையிடத்து நண்பர் ஒருவர் என்னையும் கூப்பிட்டார். பாதுகாப்புக் கோர்ஸ் முடித்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன்.

மிச்சம் ஒரே கேள்வி: எந்த ரவை?

பெரிய ஆண் பைசன் 900 கிலோ வரை வரும். காயப்பட்டால் திரும்பி ஆளை நோக்கியே ஓடி வரலாம். சொஃப்ட்வெயர்காரன் என்ன செய்வான்? எக்செல் திறந்தேன். .30-06 ரவையில் 180 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 11.7 கிராம் சன்னம்; சக்தி ஏறக்குறைய 3,900 ஜூல். 1912இல் லண்டன் கம்பனி ஒன்று கொண்டுவந்த .375 எச் அண்ட் எச், ஆப்பிரிக்க எருமைக்கே பேர்போனது. அதில் 300 கிரெய்ன் சன்னம். சக்தி 5,700 ஜூல். பெரிய நம்பர்தான் பாதுகாப்பு என்று முடிவெடுத்தேன்.

நண்பர் தன்னுடைய .375ஐ சுடுதளத்தில் தந்தார். முதல் வெடியிலேயே தோள் கழன்றமாதிரி இருந்தது. அதன் உதை .30-06ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த சன்னங்கள் இலக்கைச் சுற்றி எங்கெங்கோ போயின. பிறகு அவரே ரவையைப் போட்டுத் தந்தார். விசையை இழுத்தேன். “டிக்.” வெடிக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் டம்மி ரவையைப் போட்டிருந்தார். ஆனால் குழல் வாய் தானாகவே கீழே குனிந்தது.

“வெடிக்க முதலே கண்ணை மூடிவிட்டாய்” என்றார்.

உதைக்கு மட்டும் பயந்ததில்லை அது. கனடா தினத்து வாணவெடிக்கே ஜன்னலைச் சாத்துகிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

அன்றிரவு எக்செல்லில் இன்னொரு நிரல் போட்டேன்: “நான் தவறாமல் சுடக்கூடிய தூரம்.” .375க்கு நேரே எழுத ஒன்றுமில்லை. விலா எலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் போகாத சன்னத்தின் 5,700 ஜூலால் யாருக்கு என்ன லாபம்? அது ஒரு உயிரை வதைத்துக் காட்டுக்குள் அனுப்பும், அவ்வளவுதான். யூக்கோன் விதி கேட்பதும் குறைந்தது .30 கலிபர், 180 கிரெய்ன். அதனால் .30-06ஐயே எடுத்தேன். பெரிய எலும்பில் பட்டுச் சிதறாமல் ஆழமாகப் போகவேண்டும் என்று முழுச் செம்புச் சன்னமாக வாங்கினேன். ஆறு கிழமை பழகினேன். 150 மீற்றருக்குள் சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்தை விட்டு ஒன்றும் வெளியே போகவில்லை. அதுவே என் எல்லை.

பெப்ரவரியில், மைனஸ் 28இல் போனோம். உறைந்த ஏரிக்கரையில் மந்தை நின்றது. தூரமானியில் 260 மீற்றர். கிட்டப் போக மறைவில்லை. நண்பர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். வெறுங்கையோடு வந்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: “அப்பா, பயந்திட்டீங்களோ?”

“ஓம். துவக்குப் பழகத் தொடங்கினபோதே பயம்தான். சத்தத்துக்குக் கண்ணை மூடினனான்.”

போனில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அம்மா சொன்னார்: “கொப்பரும் அப்பிடித்தான். அங்கை வெடிச் சத்தம் கேட்டா கண்ணை மூடிக்கொண்டு என்ரை கையைப் பிடிப்பார்.”

முப்பத்தாறு வருஷத்தில் அப்பாவைப் பற்றி அம்மா எனக்குச் சொல்லாத விஷயம் அது.