.285-ம் .283-ம் ஒன்றா?

"பி.காம். படிக்கிறவனுக்கு பேஸ்பால் எதுக்குடா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு எந்த ஆட்டத்தையும் விட அதன் கணக்குதான் பிடிக்கும். எங்கள் டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீமுக்கு மூன்று வருஷமாக ஸ்கோரர் நான்தான். (பேட்டிங் வராது, அதனால் பென்சில்!)

போன மாதம் கேப்டன் வந்தான். "மச்சி, ஒரு இடம்தான் இருக்கு, ஃபர்ஸ்ட் இயர் பசங்க ரெண்டு பேர். யாரை எடுக்கலாம்னு நீயே பார்த்துச் சொல்லு." நோட்டைப் புரட்டினேன். ஒருவன் சராசரி 31, இன்னொருவன் 24. ரெண்டே நிமிஷத்தில் 31 என்று சொல்லிவிட்டேன். அந்த 24 அதற்கப்புறம் பிராக்டிஸ் பக்கமே வரவில்லை.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே இளம் வீரர்களை டீம்கள் எடுத்ததும் நேராகப் பெரிய லீக்கில் இறக்குவதில்லை. மைனர் லீக்கில் ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏறி வரவேண்டும். யார் தேறுவார் என்பதை அந்தப் படிகளில் எடுத்த எண்களை வைத்துத்தான் கணிக்கப் பார்ப்பார்கள்.

இரண்டு அவுட்ஃபீல்டர்களைப் பாருங்கள். டெல்மன் யங், 2003-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். 2005-ல் டர்ஹாம் ட்ரிபிள்-ஏ டீமில் 52 ஆட்டங்களில் அவர் சராசரி .285. ஆண்ட்ரூ மக்கட்சன், 2005-ல் பதினோராவது ஆளாகத் தேர்வானவர். 2008-ல் இண்டியானாபொலிஸ் ட்ரிபிள்-ஏ டீமில் அவர் சராசரி .283. இரண்டு டீமும் ஒரே லீக். என் ரெண்டு நிமிஷக் கணக்குப்படி யங்தான், அதுவும் ஒரு மயிரிழையில்.

ஆனால் இந்தச் சராசரியில் 'வாக்' சேராது. பந்து வீசுபவர் நாலு பந்தைக் கட்டத்துக்கு வெளியே போட்டு, பேட்ஸ்மேன் அடிக்காமல் விட்டால் முதல் பேஸ் இலவசம். அதுதான் வாக். அந்த 52 ஆட்டத்தில் யங் எடுத்தது வெறும் 4. மக்கட்சன் 135 ஆட்டத்தில் 68, அதாவது ரெண்டு ஆட்டத்துக்கு ஒன்று. இதையும் சேர்த்து எத்தனை தடவை பேஸுக்குப் போனார்கள் என்று பார்த்தால் யங் .303, மக்கட்சன் .372. மயிரிழை எங்கே போச்சு?

கீழ் லீக்கில் பந்து வீசுகிறவர்கள் அடிக்கடி தப்புப் பந்து போடுவார்கள். எல்லாவற்றையும் துரத்தி அடிக்கிறவனுக்கும் அங்கே ரன் வரும். மேலே போனால் அந்தத் தப்பு குறைந்துவிடும், துரத்துகிற பழக்கம் மட்டும் மிஞ்சும். யங் ஒன்றும் தோற்றுப் போகவில்லை. பத்து சீசன், 109 ஹோம் ரன். ஆனால் பேஸுக்குப் போன விகிதம் கடைசிவரை .316-தான். மக்கட்சன் 2013-ல் நேஷனல் லீக்கின் எம்.வி.பி. ஆனார். அந்த வருஷம் அவர் விகிதம் .404.

அப்போ வாக் எண்ணினால் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஜெரமி ஹெர்மிடா 2005-ல் டபுள்-ஏ-யில் நூறு வாக்குக்கு மேல் எடுத்தார். பெரிய லீக்கில் முதல் தடவை பேட் பிடித்தபோதே கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அப்படியும் 65 ஹோம் ரன்னோடு 2012-ல் கதை முடிந்துவிட்டது. யங் பக்கமும் நியாயம் உண்டு. டர்ஹாமில் ஆடும்போது அவருக்கு வயசு 19, மக்கட்சனுக்கு 21. தன்னை விடப் பெரியவர்களோடு ஆடி எடுத்த .285 அது. மைதானமும் ஒரு கணக்கு. அல்புகெர்க்கி கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று லேசு, பந்து பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் வாங்கணும்.

இரண்டு கம்பெனியின் லாபத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதே என்று அக்கவுண்ட்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். நோட்டைக் கையில் வைத்திருந்தபோது மட்டும் மறந்துவிட்டது.

நேற்று ராத்திரி அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். 31 எடுத்தவன் ரன்னில் பாதிக்கு மேல் ஒரே ஒரு சொத்தை டீமுக்கு எதிராக, ஐந்தாவதாக இறங்கி எடுத்தது. 24 எடுத்தவன் எல்லா ஆட்டத்திலும் ஓப்பனிங். புதுப் பந்து, எதிரில் சீனியர் பசங்க. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அவன்தான் மக்கட்சன் என்று சொல்ல வரவில்லை. ஹெர்மிடாவாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக்கு அவன் கிளாஸ் வாசலில் போய் நிற்கப் போகிறேன். டீமில் இடம் கொடுப்பது என் கையில் இல்லை. "தம்பி, உன் 24-ஐ நான் சரியாப் படிக்கலை" என்று சொல்வது என் கையில்தான் இருக்கிறது.